ஃப்ரெடி மாமாவும் எழுபத்திரண்டாம் வருடத்துப் போர்ஷேயும்

ஃப்ரெடி மாமாவின் முப்பதாம் நாள் பூசைக்கு அச்சடித்த அட்டையில் மூன்று வரிகள்தான் இருந்தன. பிறந்த தேதி, இறந்த தேதி, ‘ஓய்வுபெற்ற தொழிற்சாலைப் பணியாளர்’. இன்னும் ஒரு வரி சேர்க்கலாமே என்று ஜூடி அக்காவிடம் கேட்டேன். எதைச் சேர்ப்பது என்று அவள் திருப்பிக் கேட்டாள். அடுத்தவருடைய கார் ஒன்றைப் பதினோரு வருடம் பார்த்துக்கொண்டார் என்று ஜெப அட்டையில் போட முடியாது. அந்தக் கார் என்ன ஆனது என்பதைப் போடவே முடியாது. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

மாமா இந்த ஜூடி அக்காவின் கணவர். ராயபுரத்தில் பிறந்து ராயபுரத்திலேயே இறந்தவர். அவருடைய அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். மாமா ஐ.டி.ஐ. முடித்து இருபத்தொரு வயதில் திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிள் செய்யும் கம்பெனியில் சேர்ந்தார். முப்பது வருடமும் லேத்தில் சிலிண்டர் கடையும் பிரிவில்தான் இருந்தார். காற்று பட்டுச் சூடு ஆறுவதற்காகச் சிலிண்டரைச் சுற்றித் தகடு தகடாக விட்டிருப்பார்கள் அல்லவா, அந்தத் தகடுகளின் மேல் நகத்தை ஓட்டி எழும் சத்தத்தை வைத்தே வார்ப்பில் கீறல் இருக்கிறதா என்று சொல்லிவிடுவார். வேறு பெரிய திறமை எதுவும் அவரிடம் இருந்ததாக வீட்டில் யாரும் நினைக்கவில்லை. கம்பெனியில் ஆள் குறைத்தபோது ஐம்பத்தொரு வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, திருவொற்றியூரில் ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்கு எடுத்து புல்லட் வண்டிகளைப் பழுது பார்க்கத் தொடங்கினார்.

அய்யாத்துரை அங்கேதான் அவரைத் தேடி வந்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து யானைக்கவுனியில் மிளகாயும் புளியும் மொத்த வியாபாரம் செய்த குடும்பம். அப்போதே அவருக்கு எழுபதுக்குப் பக்கம். தம்மிடம் ஒரு வெளிநாட்டுக் கார் இருக்கிறது, இருபத்தேழு வருடமாக ஓடவில்லை, பார்த்த மெக்கானிக் எல்லாம் ரேடியேட்டர் எங்கே என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்றார்.

மாமாவும் நானும் மாமாவின் சிநேகிதர் குணசேகரனும் அவருடைய மிளகாய்க் கிடங்குக்குப் போனோம். குணசேகரன் மணலியிலிருந்து ஆசிட் டேங்கர் ஓட்டுகிறவர். மாமாவும் அவரும் ஒன்றாம் வகுப்பிலிருந்து தோஸ்துகள். கிடங்கில் ஐந்து நிமிடம் தும்மினோம். சாக்குகளை விலக்கியதும் தாழ்வாக, முதுகு வளைந்த, உருண்டைக் கண் விளக்குகளோடு ஒரு மஞ்சள் கார் தெரிந்தது. குணசேகரன் முன்பக்க மூடியைத் திறந்து பார்த்தார்.

“நைனா, இன்ஜினயே காணோம். எவனோ ஆட்டய போட்டுகினு போயிட்டான்.”

மாமா பின்பக்கம் போய் அந்த மூடியைத் திறந்தார். உள்ளே பெரிய விசிறி ஒன்று எங்களைப் பார்த்தபடி இருந்தது. பதினோரு இதழ். அதற்குக் கீழே, பக்கத்துக்கு மூன்றாக ஆறு சிலிண்டர்கள் படுத்த வாக்கில் கிடந்தன. மாமா கையை உள்ளே விட்டு, கண்ணுக்குத் தெரியாத எதையோ நகத்தால் வருடினார். அந்தச் சத்தம் எனக்கும் கேட்டது. “தகடு கீது மச்சான்” என்றார். “இது நம்ம இன்ஜின்.”

மணலியில் ஒரு ஆலை கட்ட வந்த ஜெர்மன் இன்ஜினியர் கொண்டுவந்த போர்ஷே வண்டி அது. அவர் ஊர் திரும்பும்போது அய்யாத்துரை வாங்கியிருக்கிறார். அப்போது அவருக்கு முப்பத்திரண்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எண்ணூர் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய்த் திரும்புவாராம். வேறு எந்தச் செலவும் தமக்கென்று செய்துகொண்டதில்லை என்று சொன்னார். மாமாவிடம் அன்றைக்கு அவர் வைத்த நிபந்தனை ஒன்றுதான்.

“ஓட வச்சிரு. என் காலத்துக்குப் பெறவு யாரு கைக்குப் போனாலும் முழுசாப் போவணும். கழட்டி வித்திரக் கூடாது, பாத்துக்க.”

மாமா சரி என்றார். அந்தச் ‘சரி’க்குப் பிறகு அவருக்கு வாழ்க்கையில் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

பழுதுபார்க்கும் புத்தகங்கள் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. நான் காலேஜில் படித்தவன் என்பதால் சனிக்கிழமைகளில் கொட்டகைக்குப் போய் வாசித்துச் சொல்வது என் வேலையாயிற்று. பழுது பார்ப்பதற்குத் தேவையானதோடு மாமா நிறுத்தவில்லை. வண்டியின் பிறப்பு வளர்ப்பு எல்லாம் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. அறுபத்து மூன்றில் ஒரு கண்காட்சியில் இதன் முதல் வண்டியைக் காட்டியபோது பெயர் 901. நடுவில் பூஜ்யம் வரும் எண்கள் எங்களுக்குச் சொந்தம் என்று ஒரு பிரெஞ்சுக் கம்பெனி சொன்னதால் 911 ஆயிற்று. இன்ஜினின் கனம் முழுக்கப் பின்சக்கரத்துக்கும் பின்னால். அதனால் வளைவில் பயந்துபோய்க் காலை எடுத்தால் பின்புறம் முன்னால் வந்துவிடும். அதற்காக அவர்கள் இன்ஜினை இடம் மாற்றவில்லை. பின்சக்கரத்தை இரண்டு அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பின்னுக்குத் தள்ளினார்கள். இதைக் கேட்டபோது மாமா வெகுநேரம் சிரித்தார். தப்பை விட்டுவிட்டு ஓடாமல் அதோடேயே குடித்தனம் நடத்தியிருக்கிறார்கள் என்றார்.

இரண்டு லிட்டரில் தொடங்கிய இன்ஜின் இரண்டே கால் லிட்டராக, இரண்டரைக்குச் சற்றுக் குறைவாக, பிறகு மூன்றாக, மூன்றரையைத் தாண்டியதாக வளர்ந்த கதையை அவர் வம்சாவளி போல ஒப்பிப்பார். எழுபத்து நாலில் அமெரிக்கச் சட்டத்துக்காகத் தடித்த பம்பர். அதற்கடுத்த வருடம் டர்போ. இடையில் இந்த வண்டியை நிறுத்திவிடலாம் என்று கம்பெனியே முடிவெடுத்து, பிறகு மனம் மாறியது. முப்பத்தைந்து வருடம் அந்த முதுகின் வளைவு மாறவில்லை, காற்றில் ஆறும் இன்ஜினும் மாறவில்லை. தொண்ணூற்றெட்டில் புகைக்கும் சத்தத்துக்கும் வந்த புதிய கட்டுப்பாடுகளுக்கு ஈடுகொடுக்க முடியாமல் தண்ணீரில் ஆறும் இன்ஜினுக்கு மாறிவிட்டார்கள். அந்தப் பக்கத்தை வாசித்த சனிக்கிழமை மாமா டீ குடிக்கவில்லை.

இதை ஏன் உலகமே கொண்டாடுகிறது என்று ஒருமுறை கேட்டேன். மற்ற இன்ஜின்களுக்குத் தண்ணீர் போர்வை மாதிரி. உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியே கேட்காது. இதற்குப் போர்வை கிடையாது, வலித்தால் வலிக்கிறது என்று உனக்குக் கேட்கும் என்று விளக்கினார். எனக்கு அப்போது அது சரியாக விளங்கவில்லை.

வேலை எட்டு வருடம் பிடித்தது. இன்ஜினின் உறை மக்னீசியம். அதில் போல்ட் திருகும் மரைகள் எல்லாம் தேய்ந்து தூளாக வந்தன. ஒவ்வொன்றுக்கும் புதிய மரைக்கூடு கடைந்து இறக்கினார். பெரம்பூர் ரயில்வே பட்டறையில் ஓய்வு பெற்ற ஒருவர் இன்ஜினின் கிராங்க் தண்டைத் தேய்த்துக் கொடுத்தார். சில பாகங்கள் ஜெர்மனியிலிருந்து வர ஒரு வருடம் ஆனது. அக்கா திட்டினாள், பிறகு திட்டுவதை விட்டுவிட்டாள். இரண்டாயிரத்து இருபத்தொன்றில் வண்டி ஓடியது. எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அய்யாத்துரையை உட்காரவைத்து மாமா ஓட்டினார். பின்னால் மாமாவின் புல்லட்டில் நான் தொடர்ந்தேன். உலர்ந்த, கரகரத்த சத்தம் அது. வேகம் கூடும்போது துணியை நீளமாகக் கிழிப்பதுபோல் ஆகும். இறங்கியதும் அய்யாத்துரை மாமாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அடுத்த வருடம் அவர் காலமானார்.

மகன் ஜெரின் கெட்டவன் அல்ல. அவனுக்கு அந்த வண்டியின் மேல் ஆசை இல்லை, அவ்வளவுதான். கிடங்கை விற்றுப் பங்கு பிரிக்க வேண்டியிருந்தது. மாமாவிடம் நேராகவே சொன்னான்.

“அண்ணே, கோயம்புத்தூர்ல ஒருத்தர் கேக்கறாரு. வந்து பாப்பாரு. ஒரிஜினல் இன்ஜின் ஓடுச்சுன்னா முழுசா எடுத்துக்குவாரு, உங்களையும் வருஷத்துக்கு நாலு தடவை கூப்பிட்டுக்குவாரு. ஓடலைன்னா பார்ட் பார்ட்டாத்தான் போகும். பார்ட்டுக்கு ஆளுங்க லைன்ல நிக்கறாங்க.”

மாமாவுக்கு அது கஷ்டமான நிபந்தனையாகத் தெரியவில்லை. வண்டிதான் ஓடிக்கொண்டிருந்ததே. இருபத்து மூன்று டிசம்பர் புயலில் கொட்டகைக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்தது, அதன் மேல் மணலிச் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து கசிந்த எண்ணெய் கறுப்பாக மிதந்தது. மாமா முதல் நாளே பழைய ரயில் கட்டைகளை அடுக்கி வண்டியை அதன் மேல் ஏற்றிவிட்டிருந்தார். வீட்டில் அக்காவின் தையல் மிஷின் மூழ்கியது. வண்டியின் டயர்கூட நனையவில்லை.

கோயம்புத்தூர்க்காரர் ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை வருவதாக ஏற்பாடு. முந்தின மாலை மாமா வண்டியை அரை மணி ஓட்டி, சூடு ஏறியதும் எண்ணெய் அளவு பார்த்தார். இந்த இன்ஜினுக்கு எண்ணெய் தனித்தொட்டியில் இருக்கிறது. இன்ஜின் சூடாக ஓடும்போது மட்டும்தான் சரியான அளவு தெரியும். ஆறிய பிறகு எண்ணெயில் ஒரு பகுதி கீழே வடிந்து, தொட்டி குறைந்தமாதிரி காட்டும். அளவு சரியாக இருந்தது. மறுநாள் காலை ராயப்பர் கோயிலில் பூசைக்குப் போய்விட்டு வருவதாகச் சொல்லி, கொட்டகைச் சாவியைக் குணசேகரனிடம் கொடுத்தார். அவர் லாரிக்கு லீவு போட்டுவிட்டு வண்டியைத் துடைத்து வைக்க முன்வந்திருந்தார்.

கோயம்புத்தூர்க்காரர் ஒன்பது மணிக்கு வந்தார். அமைதியான மனிதர். எண்களைச் சரிபார்த்தார், மாமாவின் வேலையைக் குனிந்து பார்த்து இரண்டு முறை தலையசைத்தார். இன்ஜினைப் போடச் சொன்னார். மாமா ஸ்டியரிங்குக்கு இடப்பக்கம் இருந்த சாவியைத் திருப்பினார். இரண்டு இருமல், பிறகு பிடித்துக்கொண்டது. குளிர்ந்த இன்ஜினை முறுக்கக் கூடாது என்பதால் மெதுவாகவே ஓடவிட்டார். நான் அவருடைய முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நிமிடம் இருக்கும். அவர் கண் எண்ணெய் அழுத்த முள்ளுக்குப் போனது, அங்கேயே நின்றது. சத்தம் மாறியது எங்களுக்குக் கேட்பதற்கு முன்னால் அவருடைய கை சாவியில் இருந்தது. ஆனாலும் பிந்திவிட்டது. சுத்தியலால் இரும்பில் ஓங்கி அடித்ததுபோல் ஒரு சத்தம். விசிறி நின்றது.

வண்டிக்கு அடியிலிருந்து பால் அதிகம் விட்ட டீ நிறத்தில் ஏதோ வழிந்து சிமெண்டில் பரவியது. இன்ஜின் உறையில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. அதன் வழியாகப் பிஸ்டனைத் தாங்கும் ராட் ஒன்றின் முறிந்த முனை தெரிந்தது. மாமா மண்டியிட்டு அந்த நீரை விரலில் தொட்டார். முகர்ந்தார்.

குணசேகரன்தான் பேசினார். “காலைல தண்ணிகூட ரொப்பி வெச்சேனே நைனா. சைடுல மூடி கீது பாரு, அத்த தொறந்து. மூணு மக்கு புடிச்சுது. நீ தண்ணி பாக்கவே மறந்துகினு கீறன்னு நெனச்சேன்.”

முப்பத்தைந்து வருடமாகக் காலையில் தண்ணீர் பார்க்காமல் அவர் எந்த இன்ஜினிலும் சாவி போட்டதில்லை. மணலி டேங்கர் ஓட்டுநர்கள் யாருமே போட மாட்டார்கள்; பல் விளக்குவது மாதிரி அது. தண்ணீர் இல்லாத இன்ஜின் என்று மாமா நூறு தடவை சொல்லியிருப்பார். குணசேகரனைப் பொறுத்தவரை அது தம்மைக் கலாய்க்கிற பேச்சு. வலது கதவுக்குப் பின்னால் சின்ன மூடி. திறந்து உள்ளே பார்த்தால் குறைந்தமாதிரி தெரியும் தொட்டி. அது எண்ணெய்த் தொட்டி. தண்ணீர் எண்ணெய்க்கு அடியில் போய்த் தங்கும். பம்ப் உறிஞ்சுவது அடியிலிருந்துதான்.

அந்த மூடி எழுபத்திரண்டாம் வருட மாடலுக்கு மட்டும் வைத்தது. பெட்ரோல் பங்கில் ஆட்கள் அதில் பெட்ரோல் ஊற்றிவிடுகிறார்கள் என்று அடுத்த வருடமே எடுத்துவிட்டார்கள். அதை மாமாவுக்கு வாசித்துச் சொன்னவன் நான். ‘எண்ணெய் மட்டும்’ என்று தமிழில் ஒரு தாள் எழுதிக் கொடு, மூடியில் ஒட்டிவிடுகிறேன் என்று அவர் கேட்டார். நம் கொட்டகையில் யார் வந்து தொடப்போகிறார்கள் என்று நான் எழுதவில்லை.

மாமா எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். “தண்ணியால ஒண்ணும் ஆவல மாமு” என்று குணசேகரனிடம் சொன்னார். “பழைய இரும்பு. அதோட டைம் அவ்ளோதான்.”

கோயம்புத்தூர்க்காரருக்குப் புரிந்திருந்தது. மாமாவுக்குக் கை கொடுத்துவிட்டுப் போனார். அன்று வீட்டுக்கு வரும் வழியில் மாமா என்னிடம் பேசியது இவ்வளவுதான்: “குணாவுக்குத் தெரிய வேணாம் மச்சான். தெரிஞ்சா அவன் அப்புறம் லாரி ஏற மாட்டான்.”

ஜெரின் மூன்று மாதம் பொறுத்தான். மாமா அந்த உறையைத் தூக்கிக்கொண்டு அம்பத்தூர், கிண்டி என்று அலைந்தார். மக்னீசியம் பற்றிக்கொண்டால் அணைக்க முடியாது என்று எண்ணூர் வெல்டர் தொடவே மறுத்துவிட்டார். வேறு இன்ஜின் வாங்கிப் போடலாம். ஆனால் வண்டியோடு பிறந்த அந்த எண் போட்ட உறை இல்லாத வண்டியை முழுதாக வாங்க ஆள் இல்லை. நான்காவது மாதம் ஜெரின் கொட்டகைக்கு வந்து, தலையைக் குனிந்துகொண்டு, வேறு யாரிடமும் கொடுத்தால் உடைத்துவிடுவார்கள், நீங்களே கழற்றிக் கொடுங்கள் என்று கேட்டான்.

மாமா ஒன்பது நாள் கழற்றினார். நானும் லீவு போட்டு உடன் இருந்தேன். முதல் நாள் இரண்டு கதவுகளும் புனேவுக்குப் போயின. பிறகு இருக்கைகள், கண்ணாடிகள், கியர் பெட்டி, ஐந்து வட்ட மீட்டர்கள், விசிறி. ஒவ்வொன்றையும் மண்ணெண்ணெயில் துடைத்து, பழைய வேட்டித் துணியில் சுற்றி, எந்த ஆணி எதற்கு என்று தாளில் எழுதி உள்ளே வைத்தார். வாங்குகிறவனுக்குத் தமிழ் தெரியாதே என்றேன். அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. குணசேகரன் தினமும் மாலையில் வந்து பெட்டிகளைச் சுமந்து வேனில் ஏற்றினார். ஏதாவது பகடி பேசிப் பார்ப்பார். மாமா சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்க்காமல் இருக்க நான் வெளியே போய் நிற்பேன்.

கடைசியில் மஞ்சள் கூடு மட்டும் மிஞ்சியது. அதையாவது வெட்டாமல் யாருக்காவது கொடு தம்பி என்று மாமா ஜெரினிடம் கேட்டுக்கொண்டார். அதன் பிறகு அவர் கொட்டகையைத் திறக்கவில்லை. வீட்டில் மின்விசிறிக்கு நேரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பார். புல்லட்டைப் பழுதுபார்க்க வந்தவர்களை அக்கா திருப்பி அனுப்பினாள். இந்த வருடம் மார்ச்சில் கால் வீங்கியது, மூச்சு வாங்கியது. இதயம் பெருத்துவிட்டது என்றார்கள். மே மாதம் முழுக்க ஆஸ்பத்திரியில் இருந்தார்.

கூட்டைக் கிடங்கில் ஒரு வருடம் வைத்துப் பார்த்துவிட்டு ஜெரின் பழைய இரும்புக்குக் கொடுத்துவிட்டான். கிடங்கு கைமாறும் தேதி வந்துவிட்டது, அவனாலும் வேறு வழி பார்க்க முடியவில்லை. கேஸ் கட்டர் வைத்து நடுவில் இரண்டாக அறுத்து மினி லாரியில் ஏற்றியதை நான் பார்த்தேன். அன்று மாலை ஆஸ்பத்திரிக்குப் போனபோது மாமா விழித்திருந்தார். கூடு என்ன ஆயிற்று என்று கேட்டார்.

கொச்சியிலிருந்து ஒருவர் வந்து அப்படியே எடுத்துப் போய்விட்டார், வேறு இன்ஜின் வைத்து ஓட்டப்போகிறாராம் என்றேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வாக்கியம். தடுமாறாமல் சொன்னேன்.

“முழுசா போச்சா?”

“முழுசா போச்சு மாமா.”

அவர் கண்ணில் கொஞ்சம் உயிர் வந்தது. “லாரிலயா?”

“ஆமா.”

“கயிறு எங்க கட்னான்?”

இதை நான் நினைத்துப் பார்த்திருக்கவில்லை. துறைமுகத்தைச் சேர்ந்தவர்கள் எல்லாரும் கேட்கிற கேள்விதான். “கதவு வழியா விட்டுக் கட்டினாங்க மாமா” என்றேன். “கதவ நல்லா சாத்தி.”

மாமா என்னைப் பார்த்தார். அந்தக் கதவுகளை முதல் நாளே கழற்றித் துணியில் சுற்றிக் கொடுத்தவர் அவர்தான். நான் உளறியதைத் திருத்திக்கொள்ள ஒரு நொடி இருந்தது. நான் அவருடைய காலில் போர்வையை இழுத்துவிட்டேன். அவர் கோபப்படவும் இல்லை, கேட்கவும் இல்லை. மெல்லச் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு பதினோரு நாள் இருந்தார். தண்ணீர் வேண்டுமா, வலிக்கிறதா என்று கேட்டால் தலையசைப்பார். என்னிடம் அவர் பேசவில்லை.